டிரெய்லரை மாட்டும் முன் கதவு ஸ்டிக்கரைப் பாருங்கள்

பெரிய பிக்கப் டிரக் வைத்திருக்கும் பலரும் இழுவைத் திறனை மட்டும் பார்த்து டிரெய்லரை மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் முதலில் எல்லை தாண்டுவது அது இல்லை, வண்டி மேல் ஏறும் எடைதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) வழியாக வண்டி மேலேயே இறங்கும். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ! ஸ்டிக்கரில் 700 என்று இருந்து, உள்ளே நாலு பேர் 300 கிலோ இருந்தால், பின்னால் சாமான் வைக்க அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கி நின்றால் முன்சக்கரங்களின் பிடி குறையும். அப்படியே கிளம்பாதீர்கள், சுமையைக் குறையுங்கள்.