பெரிய கிளப்பின் ஜெர்சி, சிறிய ஆட்ட நேரம்: இளம் ரஷ்ய ஹாக்கி ஃபார்வர்ட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் பையன்களின் பாதை வெளியிலிருந்து பார்த்தால் நேரானது. ஊர் விளையாட்டுப் பள்ளியில் பிறந்த ஆண்டு வாரியாகப் பிரித்த அணியில் தொடங்குகிறார்கள். 16, 17 வயதில் இளையோர் லீக்கான எம்.எச்.எல் வந்துவிடும். அதற்கு மேல் வி.எச்.எல், உச்சியில் கே.எச்.எல். கே.எச்.எல் 2008இல் தொடங்கியது, எம்.எச்.எல் 2009இல், வி.எச்.எல் 2010இல். கடல் தாண்டினால் வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் புதுப் பையன்கள் வந்து நிற்கிறார்கள். முந்தைய ஆண்டுப் பையன்கள் செய்த அதே தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள்.

தலையைக் குனிந்து பக்கையே (ஆட்டத்தின் ரப்பர் வட்டையே) பார்ப்பது, ஒரு முறை களமிறங்கி ஆடும் ஷிஃப்டை ஒன்றரை நிமிடம் இழுப்பது, தேவையில்லாமல் ஸ்டிக்கால் கொக்கி போட்டு இரண்டு நிமிடத் தண்டனை வாங்குவது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே கத்தித் திருத்திவிடுவார். யாரும் கத்தாத தவறுகள்தான் ஆட்களை விழுங்குகின்றன.

பதினான்கு வயது கோல் கணக்கை நம்புவது

பிறந்த ஆண்டு வாரியான அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக ஆடுகிறார்கள். பதினான்கு வயதில் அந்தப் பதினொரு மாதம் என்பது பத்து சென்டிமீட்டர் உயரமாகவும் பதினைந்து கிலோ எடையாகவும் இருக்கலாம். சீக்கிரம் வளர்ந்தவன் ஓரமாகச் சறுக்கி ஆளைத் தோளால் தள்ளிவிட்டுக் கோல் அடிக்கிறான். அவனுக்கு வேறு வழி தேவைப்படுவதே இல்லை. பதினெட்டில் மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் மழுங்கிவிடுகிறது. ரஷ்யாவிலிருந்து என்.எச்.எல்லுக்குப் போன மாத்வேய் மிச்கோவும் இவான் டெமிடோவும் டிசம்பரில் பிறந்தவர்கள். சின்ன உடம்போடு ஆட வேண்டியிருந்தவனுக்கு இடம் பார்க்கவும், பாஸ் வரும் முன்பே அடுத்தது என்ன என்று முடிவு செய்யவும் பழகியே ஆக வேண்டும். பெற்றோர் கோல் பட்டியலை வைத்துப் பையனை எடைபோடுவதை நிறுத்திவிட்டு, களத்தின் நடுப்பகுதியில், அதை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு நீலக் கோடுகளுக்கு இடையில், அவன் எத்தனை முறை பக்கைத் தொலைக்கிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது

மிக விலை உயர்ந்த தவறு இது. இத்தனை உதாரணங்கள் கண்முன் இருந்தும் ஒவ்வொரு சீசனிலும் மறுபடி நடப்பதுதான் எரிச்சல் தருகிறது.

பதினெட்டு வயதில் ஒரு பையனுக்குப் பெரிய கிளப்பின் முதல் அணியிலிருந்து அழைப்பு வருகிறது. பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, கசான் என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் கொண்டாட்டம். இனி அவன் கே.எச்.எல் வீரன். பிறகு ஆட்ட அறிக்கையைத் திறந்தால் அவன் பெயருக்கு எதிரே மூன்று நிமிடம் நாற்பது வினாடி என்று இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஆட்டம் 60 நிமிடம். ஒரே நேரத்தில் மூன்று ஃபார்வர்டுகள் களத்தில் இருப்பதால் பங்கிட வேண்டியவை 180 ஃபார்வர்ட் நிமிடங்கள். மூவர் மூவராக நான்கு லைன், 12 பேர் என்றால் தலைக்கு 15 நிமிடம் வரும். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் லைன் 18 முதல் 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும், நான்காவது லைனுக்கு எட்டோ பத்தோ மிஞ்சும். இளம் பையன் பல நேரம் பதின்மூன்றாவது ஃபார்வர்டாகத்தான் பட்டியலில் இருப்பான். அவனுக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரு ஷிஃப்ட் 45 வினாடி என்று வைத்தால், இரண்டரை மணி நேர மாலையில் ஐந்து முறை களமிறங்குகிறான். ஐம்பது ஆட்டத்தில் 200 நிமிடம். அதே பையன் வி.எச்.எல் அணியில் ஆட்டத்துக்கு 16 நிமிடம் ஆடினால் ஐம்பது ஆட்டத்தில் 800 நிமிடம். இந்த 600 நிமிட வித்தியாசத்தைக் காலைப் பயிற்சி ஈடுகட்டாது. தோற்றுக்கொண்டிருக்கும் மூன்றாவது பீரியடில், கால் கனக்கும்போது, எதிராளி முதுகில் ஏறி நிற்கும்போது எடுக்கும் முடிவுகளைப் பயிற்சியில் உண்டாக்க முடியாது.

நிமிடம் குறைவது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்தவனின் கால் இறுகிவிடுகிறது. முதல் பத்து வினாடி உடம்பு சூடேறவே போய்விடும். ஒரு தப்பு செய்தால் அன்று மறுபடி இறக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நீலக் கோட்டில் பக்கை ஸ்டிக்கிலேயே வைத்து உள்ளே நுழையக்கூடியவன், பத்திரமாக அதை எதிர்மூலைக்கு அடித்துவிட்டு ஆள் மாற்றிக்கொள்ள ஓடுகிறான். பயிற்சியாளர் பாராட்டவும் செய்வார். ஒரு சீசன் இப்படிப் போனால் அவனை எதற்காக அழைத்தார்களோ அந்தக் கை வேலை மறைந்துவிடும். பிறகு “இவனிடம் தைரியம் இல்லை” என்று அதே கிளப் சொல்லும்.

பயணம் இன்னொரு இழப்பு. மாஸ்கோவுக்கும் விளாதிவோஸ்தோக்குக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். தூரக் கிழக்குச் சுற்றுக்கு முதல் அணியோடு போகிறவன், உள்ளூரில் நடக்கும் எம்.எச்.எல் ஆட்டங்களைத் தவறவிடுகிறான். அங்கே முதல் லைனில், தண்டனையால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் பவர் பிளேயோடு சேர்த்து, இருபது நிமிடம் ஆடியிருப்பான். திரும்பி வரும்போது எந்த அணியின் தாளமும் அவனிடம் இருக்காது.

மேலே போனவர்கள் எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள். கிரில் கப்ரிசோவ் சொந்த ஊரான நோவகுஸ்னெத்ஸ்கின் மெட்டலூர்க்கில் பதினேழு வயதில் கே.எச்.எல்லுக்கு வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த, 2017இல் லீக்கை விட்டே போன ஏழை அணி அது. அங்கே அவருக்கு ஆட இடம் இருந்தது. அடுத்து ஊஃபாவின் சலவாத் யுலாயெவுக்குப் போய் 2016-17இல் 42 புள்ளிகள் எடுத்தார். மாஸ்கோவின் பெரிய கிளப்பான சி.எஸ்.கே.ஏ அதற்குப் பிறகுதான் வந்தது. போய்ச் சேர்ந்தபோது முதல் லைனுக்குரிய ஆளாகப் போனார். அர்த்தேமி பனாரினை எந்த என்.எச்.எல் அணியும் டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில்) எடுக்கவில்லை. சண்டைக்குப் பெயர்போன வித்யாஸ் கிளப்பில் ஆடி வளர்ந்துதான் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏவுக்குப் போனார். 2015இல் கே.எச்.எல் சாம்பியனுக்கான ககாரின் கோப்பை, 2016இல் சிகாகோவுக்காக ஆடி ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. மிச்கோவ் 2022-23இல் எஸ்.கே.ஏவின் முதல் அணிக்கு மூன்று ஆட்டம் மட்டும் ஆடினார். வி.எச்.எல் அணியில் 12 ஆட்டத்தில் 14 புள்ளிகள் எடுத்தார். பிறகு கடனாக சோச்சிக்குப் போய் 27 ஆட்டத்தில் 20 புள்ளிகள். அன்றைய சோச்சி வெல்லும் அணி இல்லை. அதனாலேயே ஒரு பதினெட்டு வயதுக்காரனை முதல் லைனில் விட்டு வைக்க அதனால் முடிந்தது.

எதிர் உதாரணமாக எல்லோரும் டெமிடோவைச் சொல்வார்கள். அவர் 2024-25இல் எஸ்.கே.ஏவிலேயே இருந்தார், சில ஆட்டங்களில் ஓரிரு ஷிஃப்டுகளே கிடைத்தன, இருந்தும் 49 புள்ளிகள் எடுத்து, அந்த வயதுக்கான கப்ரிசோவின் 42ஐத் தாண்டினார். உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய சீசனில் அவர் பெரும்பாலும் எம்.எச்.எல்லில் இருந்தார். கிளப்பின் இளையோர் அணியான எஸ்.கே.ஏ-1946க்காக 30 ஆட்டத்தில் 60 புள்ளிகள். “கீழ் லீக்கில் இருக்கிறானே” என்று என்.எச்.எல் அணியான மான்ட்ரியல் தயங்கவில்லை, 2024 டிராஃப்டில் ஐந்தாவதாக எடுத்தது. கீழே ஆடுவதால் தேர்வாளர்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அதனால் செய்ய வேண்டியது இது. ஆட்ட நேரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியிடப்படுகிறது, அதை எழுதி வையுங்கள். பத்து ஆட்டத்தின் சராசரி எட்டு நிமிடத்துக்குக் கீழே போனால் முகவர் பேசட்டும். கோரிக்கை “எனக்கு இன்னும் நேரம் கொடுங்கள்” என்பதாக இருக்கக் கூடாது, அதை எல்லோரும் கேட்பார்கள். “இந்தத் தேதி வரை வி.எச்.எல் அணிக்கு அனுப்புங்கள், அங்கே முதல் இரண்டு லைனில் ஆட வையுங்கள்” என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். கிளப்புக்கும் அது வசதி, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடனாக வேறு கிளப்புக்குப் போக வாய்ப்பு வந்தால் அந்த அணியின் இடத்தைப் பட்டியலில் பார்க்காதீர்கள். அங்கே உங்கள் பக்கத்து விங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பவர் பிளேயில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

தேதி பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

முதல் ஒப்பந்தத்தில் எல்லோரும் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். முடியும் தேதியைப் பார்ப்பவர்கள் குறைவு. ரஷ்யாவுக்கும் என்.எச்.எல்லுக்கும் இடையே வீரர் மாற்ற உடன்பாடு இல்லை. ஒப்பந்தம் ஓடும் வரை பையன் நகர முடியாது, கிளப் தானாக விடுவித்தால் ஒழிய. மிச்கோவின் எஸ்.கே.ஏ ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. 2023 டிராஃப்டில் அவர் ஏழாம் இடம் வரை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2024இல் கிளப் விடுவித்ததால் இரண்டு ஆண்டு முன்னதாகவே பிலடெல்பியாவுக்குப் போனார். அந்த முடிவு கிளப்பின் கையில் இருந்தது. அதை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. என்.எச்.எல்லின் தொடக்க ஒப்பந்தம் 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு, 22, 23 வயதில் இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கப்ரிசோவை மினசோட்டா 2015இல் ஐந்தாம் சுற்றில், 135ஆவது ஆளாக எடுத்தது. அவர் 2020 ஜூலையில், 23 வயதில், இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். அதில் முதல் ஆண்டு ஒரு ஆட்டம்கூட ஆடாமலே கழிந்தது. ஒரே சீசன் ஆடி கால்டர் விருது வாங்கி, 2021இல் ஐந்து ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் ஒப்பந்தம். தாமதமாகப் போவது எப்போதும் இழப்பு ஆகாது. ஆனால் எந்த வயதில் கதவு திறக்கும் என்று முன்பே தெரிந்து கையெழுத்திட வேண்டும்.

இரட்டைச் சம்பள ஒப்பந்தம் என்றால் கீழ் அணிக்கு அனுப்பும்போது என்ன தொகை என்பதையும் படியுங்கள். அந்தத் தொகை மிகக் குறைவாக இருந்தால், ஆட்ட நேரத்துக்காகக் கீழே போவதைப் பையனே எதிர்ப்பான். மேலே சொன்ன தவறு அங்கிருந்தே முளைக்கிறது.

பக் வெளியே வரும் முன்பே ஓடுவது

தற்காப்புப் பகுதியில் விங்கருக்கு இரண்டு வேலை. பக் தன் பக்கத்தில் இருந்தால், நீலக் கோட்டில் நிற்கும் எதிரணித் தற்காப்பாளனின் அடியைத் தடுக்கும் பாதையில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இருந்தால், கோலுக்கு முன்னுள்ள இடத்தின் மேல் விளிம்புக்கு இறங்கி வர வேண்டும். பையன்கள் சக வீரன் பக்கைத் தொடும் முன்பே முன்னால் பறந்துவிடுகிறார்கள். பாஸ் தவறினால் ஐவருக்கு எதிராக நால்வர். பலகையோரம் பக் சுற்றி வரும்போது, அது வரும் முன் தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்காதவன் முதுகில் அடி வாங்குவான், பக்கையும் தொலைப்பான். பயிற்சியாளர் நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுக்காததற்கு நியாயமான காரணம் இருந்தால் அது பெரும்பாலும் இதுதான்.

அகலமான களத்துக்கு மட்டும் பழகுவது

சர்வதேச அளவுக் களம் 30 மீட்டர் வரை அகலம், என்.எச்.எல் களம் சுமார் 26 மீட்டர். ஓரத்தில் வட்டமடித்து நேரம் வாங்கும் பழக்கம் அங்கே பலகையில் முட்டி முடியும். ரஷ்யாவிலேயே குறுகிய களங்கள் உண்டு, கோடையில் அங்கே பயிற்சி எடுக்கலாம்.

பெரியவர்களின் ஸ்டிக்

ஸ்டிக்கில் அச்சிட்ட ஃபிளெக்ஸ் எண், அதை ஒரு அங்குலம் வளைக்கத் தேவையான பவுண்டு அழுத்தம். உடல் எடையைப் பவுண்டில் கணக்கிட்டுப் பாதியாக்கினால் தொடக்க எண் கிடைக்கும். 60 கிலோ பையனுக்கு 65. கடையில் 85 வாங்கி மேலே ஐந்து சென்டிமீட்டர் அறுத்தால் அது இன்னும் விறைத்துவிடும். வளையாத ஸ்டிக்கில் மணிக்கட்டு அடி எழும்பாது, பையன் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆங்கிலத்தைத் தள்ளிப்போடுவது

பதினைந்து வயதில் தொடங்க வேண்டும்.

ராணுவக் காகிதங்களைக் கவனிக்காமல் விடுவது

ரஷ்யாவில் கட்டாய ராணுவச் சேவை வயது 18 முதல் 30 வரை. கோல்கீப்பர் இவான் ஃபெதோதோவ் 2022இல் பிலடெல்பியாவுடன் ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் பீட்டர்ஸ்பர்க்கில் தடுத்து நிறுத்தப்பட்டு வடக்கே ராணுவச் சேவைக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்காவில் அவர் இறங்கியது 2024இல். முழுநேரக் கல்லூரி மாணவருக்குச் சேவை ஒத்திவைப்பு உண்டு, வீரர்கள் பலர் விளையாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்வது இதனாலும்தான். ஆனால் பயணத்தைக் காரணம் காட்டித் தேர்வுகளை விட்டுக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டால் ஒத்திவைப்பும் அதோடு போய்விடும். சீசன் அட்டவணை வந்த வாரமே தேர்வுத் தேதிகளைக் கல்லூரியில் பேசி மாற்றி, அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.