மெட்ரோ டெண்டர்ல பசுமையும் தொழிலாளர் நலனும் பேப்பரோட நிக்காம இருக்கணும்னா எங்க எழுதணும்

ரயில் கட்டுமான டெண்டர் எதை எடுத்தாலும் ஒரு பாரா இருக்கும், "ஒப்பந்ததாரர் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறைகளைப் பின்பற்ற வேண்டும், தொழிலாளர் நலனை உறுதி செய்ய வேண்டும்"னு. அதுக்கு பிஓக்யூல (வேலை, அளவு, ரேட் எல்லாம் இருக்கற பட்டியல்) ஐட்டம் கிடையாது, ரேட் கிடையாது, அளவு கிடையாது. ரேட் இல்லாத வேலைக்கு பிட் போடறவர் பூஜ்யம் வெச்சுதான் கணக்கு போடுவார், ஏன்னா நேர்மையா அதுக்கும் காசு சேர்த்தவர் எல்1 (குறைஞ்ச விலை கேட்டவர்) ஆகப் போறதில்ல. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு லேபர் கேம்ப் சரியில்லன்னு லெட்டர் மேல லெட்டர் போட்டு என்ன பிரயோஜனம்? அதனால இது முழுக்க டெண்டர் தயாரிக்கற பக்கம் உட்கார்ந்திருக்கற ஆளுங்களுக்கு. கையில சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டம் மாதிரி ஒரு வேலை இருக்குன்னு வெச்சுக்கோங்க, மூணு வழித்தடம், 118.9 கிலோமீட்டர், ₹63,246 கோடி.

முதல்ல மெட்டீரியல். எல்லாத்தையும் பசுமை ஆக்கறேன்னு கிளம்பாதீங்க, சிமெண்ட்டும் ஸ்டீலும் மட்டும் பிடிங்க, கார்பன்ல பெரும்பங்கு அங்கதான் கிடக்கு. சைட் ஆபீஸ் மேல சோலார் பேனல் போட்டு போட்டோ எடுக்கறது அப்புறம் பாத்துக்கலாம். பழைய ஸ்பெக்ல இருந்து காப்பி பண்ணி "ஓபிசி 53 கிரேடு மட்டும்"னு, அதாவது ஸ்லாக், சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட் மட்டும்னு எழுதிட்டீங்கன்னா கதை அங்கயே முடிஞ்சுது. அதுக்கு பதிலா ஸ்ட்ரென்த், நீடிப்பு, குளோரைடு எதிர்ப்பு இதையெல்லாம் கேளுங்க, இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட், அனல் மின் நிலைய சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த பிபிசி சிமெண்ட் ரெண்டுக்கும் கதவைத் திறந்து வைங்க. இந்தியத் தரநிலை ஐஎஸ் 455 படி ஸ்லாக் சிமெண்ட்ல ஸ்லாக் 25-ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, காஸ்டிங் யார்டு (கான்கிரீட் துண்டுகளை வார்க்கற இடம்) ஆளுங்களைக் கேட்டா உடனே சொல்வாங்க. ஸ்லாக் கூடுனா ஆரம்ப ஸ்ட்ரென்த் மெதுவா வரும், வயடக்ட் (மேம்பாலப் பாதை) செக்மெண்ட்டை சீக்கிரம் மோல்டுல இருந்து எடுக்கணும், இல்லன்னா முழு சைக்கிளும் தள்ளிப் போகும். அதனால எல்லாத்துக்கும் ஒரே சதவீதம்னு எழுதாதீங்க. பைல், டயாஃப்ரம் வால், ஸ்டேஷன் ராஃப்ட் மாதிரி மண்ணுக்குள்ள இருக்கற அஸ்திவாரம், சுவர், இங்கெல்லாம் ஸ்லாக் தாராளமா போகலாம், பெரிய ராஃப்ட்டுல சூடு குறையறது கூடுதல் லாபம், கடலோர ஊர்ல குளோரைடுக்கும் நல்லது. செக்மெண்ட்டுக்கு குறைவா வைங்க. முடிஞ்ச இடத்துல க்யூப் டெஸ்ட்டை (கான்கிரீட் கட்டியை நசுக்கி ஸ்ட்ரென்த் பாக்கறது) 28 நாளுக்கு பதிலா 56 நாள்ல ஏத்துக்கறோம்னு ஒரு வரி சேருங்க, அந்த ஒரு வரி இல்லாததாலயே ஸ்லாக் வேண்டாம்னு சொல்ற டிசைனர்கள் நிறைய பேர்.

ஸ்டீலுக்கு இப்போ நம்ம நாட்டுலயே அளவுகோல் இருக்கு. மத்திய ஸ்டீல் அமைச்சகம் 2024 டிசம்பர்ல அறிவிச்சபடி ஒரு டன் ஃபினிஷ்டு ஸ்டீலுக்கு 2.2 டன்னுக்கு கீழ கார்பன் டை ஆக்சைடு சமமா உமிழ்வு இருந்தாதான் பசுமை ஸ்டீல், 1.6-க்கும் கீழ போனா அஞ்சு ஸ்டார். முதல் டெண்டர்லயே இதைக் கட்டாயமாக்கினா சப்ளை கிடைக்காம ரேட் ஏறிடும், மொதல்ல ஒவ்வொரு லாட்டுக்கும் உமிழ்வு எண்ணைக் குடுக்கணும்னு மட்டும் கேளுங்க. எண் வர ஆரம்பிச்சா அடுத்த பேக்கேஜுல வரம்பு வைக்கலாம். மறுசுழற்சி ஜல்லிக்கு ஐஎஸ் 383 2016 பதிப்பு இடம் குடுக்குது, லீன் கான்கிரீட்ல (சிமெண்ட் குறைவான கான்கிரீட்) 100 சதவீதம் வரைக்கும், ஆர்சிசில (கம்பி போட்ட கான்கிரீட்) எம்25 கிரேடு வரைக்கும்தான், அதுவும் 20 சதவீதம்தான். ஸ்ட்ரக்சருக்குள்ள சண்டை போடாம பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்), தற்காலிக ரோடு இதுல போடுங்க.

அடுத்தது பிட் மதிப்பீடு. நெதர்லாந்துல ரயில் பாதைகளை நிர்வகிக்கற ப்ரோரெய்ல் 2009-ல ஒரு வேலை பண்ணாங்க, சிஓடூ ஏணின்னு பேரு. கம்பெனி ஏணியில எந்தப் படியில நிக்குதோ அதுக்கேத்த மாதிரி பிட் விலையில கற்பனையா ஒரு தள்ளுபடி போட்டு ஒப்பிடுவாங்க, ஆனா வேலை கிடைச்சா அவங்க கேட்ட முழு விலையும் கிடைக்கும். அதாவது ஒழுங்கா இருக்கறவனுக்கு ஜெயிக்கற வாய்ப்பு கூடுது, அவன் கையை விட்டு காசு போகல. எனக்குப் பிடிச்ச முறை இதுதான். நம்ம ஊர்ல வொர்க்ஸ்னா, அதாவது கட்டுமான ஒப்பந்தம்னா, எல்1-தான் பழக்கம், 2021 அக்டோபர்ல நிதி அமைச்சகம் தரத்துக்கும் மார்க் போட்டு வொர்க்ஸ் குடுக்கலாம்னு வழி விட்டுச்சு, விலை அல்லாத விஷயத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம். ஜைக்கா (ஜப்பான் அரசு நிறுவனம்), ஏடிபி (ஆசிய வளர்ச்சி வங்கி) மாதிரி அமைப்போட கடன் இருந்தா அவங்க டாக்குமெண்ட்தான் ஆளும், முதல்லயே அவங்ககிட்ட பேசிக்கோங்க. மார்க் போட வழியே இல்லன்னா எல்லாத்தையும் ஸ்பெக்ல குறைந்தபட்சமா எழுதுங்க, தகுதி நிபந்தனையில திணிக்காதீங்க, கடைசில ரெண்டே கம்பெனிதான் மிஞ்சும்.

இப்போ தொழிலாளர். இதுல நான் கொஞ்சம் கறாரா சொல்வேன். கேம்ப், டாய்லெட், குடிதண்ணி, கேன்டீன், ஆம்புலன்ஸ், சேஃப்டி நெட், பெல்ட், இது எதையும் போட்டிக்கு விடாதீங்க. பிஓக்யூல தனி ஐட்டமா போட்டு தொகையை நீங்களே நிரப்புங்க, எல்லா பிட்டருக்கும் ஒரே தொகை, செஞ்சதைக் காட்டினா பணம். அப்போ கேம்ப்ல மிச்சம் பிடிச்சு ஜெயிக்கற வழி அடைபட்டுப் போகும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வர்றவங்களை கூட்டிட்டு வர ஆளு கமிஷன் வாங்கறது, அட்வான்ஸ் குடுத்து கூலில பிடிக்கறது எல்லாம் ஊருக்கே தெரியும், அதுக்கு ஒரு ஷரத்து வேணும், ஆள் எடுக்கற செலவு ஒரு பைசா கூட தொழிலாளி தலையில விழக்கூடாதுன்னு. கூலி பேங்க் அக்கவுண்ட்லதான், சப் காண்ட்ராக்டருக்கு கீழ இருக்கற மேஸ்திரி ஆளுக்கும் அதேதான். புகார் நம்பர் ஹிந்தி, ஒடியா, வங்காளம் பேசற ஆள்கிட்ட போகணும், சைட் மேனேஜர்கிட்ட இல்ல. பில்லுல 1 சதவீதம் செஸ் பிடிச்சு நல நிதிக்கு கட்டிட்டா நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இல்லாத தொழிலாளிக்கு அதுல ஒண்ணும் கிடைக்காது, அதனால பதிவு பண்ணி வைக்கறதையும் காண்ட்ராக்டர் வேலைன்னு எழுதுங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து நாலு லேபர் கோடும் அமல்ல இருக்கு, பழைய டெண்டர்ல இருந்து காப்பி அடிச்ச சட்டப் பேரையெல்லாம் லீகல் பிரிவுகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

சின்ன சப்ளையர்கள். 2012 கொள்முதல் கொள்கையில குறு, சிறு நிறுவனத்துக்கு 25 சதவீதம்னு இருக்கு, ஆனா அது வொர்க்ஸ் காண்ட்ராக்டுக்கு பொருந்தாது, அதனால பெரிய காண்ட்ராக்டர் கிட்ட நம்ம ஊர் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு நேரத்துக்கு காசு போகுதான்னு யாரும் கேக்கறதில்ல. எம்எஸ்எம்இ சட்டம் 45 நாளுக்கு மேல போகக் கூடாதுங்குது, தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி. பட்டறைக்காரர் அடுத்த ஆர்டர் போயிடும்னு பயந்து வட்டியும் கேக்க மாட்டார், கேஸும் போட மாட்டார். ஒவ்வொரு ஆர்ஏ பில்லோடயும் (வேலை நடக்க நடக்க போடற பில்) சப்ளையர் பாக்கி ஸ்டேட்மெண்ட் வேணும்னு எழுதுங்க.

தோண்டற மண்ணு. லண்டன் கிராஸ்ரெய்ல்ல 30 லட்சம் டன்னுக்கு மேல மண்ணை எசெக்ஸ்ல வாலஸீ தீவுக்கு அனுப்பி பறவைகளுக்கான ஈரநிலம் உருவாக்கினாங்க. அது நடந்தது மண்ணு எங்க போகணும்னு முன்னாடியே முடிவு பண்ணதால. நீங்களும் இடத்தை டெண்டர்லயே சொல்லுங்க, லாரிக்கு ஜிபிஎஸ், ரெண்டு பக்கமும் எடைமேடை, இறக்குன சீட்டு இருந்தாதான் அந்த லோடுக்கு பணம். இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா பக்கத்து ஏரியில போய் விழும்.

கடைசியா பில்லிங். பெனால்டி எழுதறது எளிது, பிடிக்கறது கஷ்டம், தகராறு ஆர்பிட்ரேஷன் வரைக்கும் போகும். அதைவிட ஆர்ஏ பில் செக்லிஸ்ட்ல நாலு பேப்பரைச் சேருங்க, பேட்சிங் பிளாண்ட் பிரிண்ட் அவுட் (கான்கிரீட்ல எது எவ்வளவு கலந்ததுன்னு காட்டற சீட்டு), கூலி பேங்க் ஸ்டேட்மெண்ட், சப்ளையர் பாக்கி, மண்ணு சீட்டு. இது இல்லாம பில் முழுமையில்ல, முழுமையில்லாத பில்லுக்கு பேமெண்ட் கெடு ஓடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கணும், பின்னாடி லெட்டர்ல சேர்த்தா செல்லாது. இதைச் சரிபார்க்கற சுற்றுச்சூழல், சமூக அதிகாரியோட சம்பளம் காண்ட்ராக்டர் கணக்குல இருந்து வரவே கூடாது, உங்க கன்சல்டண்ட் டீம்ல வைங்க, பில்லுல அவர் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் போடுங்க.