எழுத்தெல்லாம் குழம்பிய பிடிஎஃப்

என்னுடைய 6 அங்குல மின்னூல் கருவியில் ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்புகள் ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். வம்பு பிடிஎஃப்பில்தான். ஏ4 தாளுக்கு வடிவமைத்த பக்கத்தை உள்ளங்கை அளவுத் திரையில் திணித்தால் எறும்பு வரிசைதான் தெரியும்.

பழைய தமிழ் நூல் ஒன்றின் பிடிஎஃப்பைக் காலிபர் மென்பொருளில் ஈபப்பாக மாற்றினேன். திறந்தால் தமிழே இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கோத்த நூல் அது. கண்ணுக்கு 'அ' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது வேறோர் எழுத்தின் எண். யூனிகோடு மாற்றியில் போட்டேன். பாதி தேறியது, 'கொ' வரவேண்டிய இடங்களில் ஒற்றைக் கொம்பு தனியே பிரிந்து முன்னால் நின்றது. 300 பக்கங்களைக் கையால் திருத்தும் பொறுமை எனக்குக் கிடையாது.

எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆசையையே விட்டுவிட்டேன். கே2பிடிஎஃப்ஆப்ட் (k2pdfopt) என்ற இலவச மென்பொருள், பக்கத்தைப் படமாகவே எடுத்துக்கொண்டு, ஓரங்களை வெட்டி, சொற்களைத் துண்டாக்கி, சிறு திரைக்கு ஏற்ப அடுக்கித் தருகிறது. எழுத்துரு எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. பதிலுக்குத் தேடல் வசதி போயிற்று, சொல்லைத் தொட்டு அகராதி பார்க்க முடியாது, கோப்பும் பருத்துவிட்டது. அட்டவணைகள் சிதறிப்போயின. அந்தப் பக்கங்களுக்கு மட்டும் மூலக் கோப்பைத் திறந்து, கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படித்துக்கொள்கிறேன்.