சஸ்பென்ஷனை வீட்டில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின் அச்சுக்கு நேர் மேலே 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டை ஏற்றுகிறீர்கள். கார் 25 மி.மீ. தாழ்கிறது. ஏறிய சுமை 981 நியூட்டன், சக்கரத்துக்குப் பாதி. அப்படியானால் சஸ்பென்ஷனின் விறைப்பு, அதாவது அதை ஒரு மி.மீ. அழுத்தத் தேவையான விசை, சக்கரத்துக்கு ஏறத்தாழ 20 நியூட்டன். கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் பலரும் அளவீட்டில் கவனம் தவறுகிறார்கள்.

அதே மூட்டைகளை டிக்கியில், அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்துப் பாருங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில் பின்சக்கரங்கள் மீது கூடுவது 100 கிலோ அல்ல, 120 கிலோ. முன்பக்கம் 20 கிலோ குறைந்து மேலெழும். எடையை ஒரு பக்கமாக வைத்தால், இடது வலது சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும் சேர்ந்து எதிர்க்கும். உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டயர் நசுங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பதே சரி.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது உராய்வு. ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பரின் சீல்களும் பிடித்துக்கொள்வதால், எடை ஏற்றும்போது கார் தாழ வேண்டிய அளவுக்குத் தாழாது. இறக்கும்போது முழுதாக எழாது. ஏற்றும்போது மட்டும் அளந்து முடிவுக்கு வருவதை நான் ஏற்கவே மாட்டேன். படிப்படியாக ஏற்றுங்கள், படிப்படியாக இறக்குங்கள், இரண்டு வரிசைக்கும் நடுவே செல்லும் கோட்டின் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒவ்வொரு அளவுக்கும் முன் காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டுங்கள்.

இப்படிக் கிடைப்பது சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு. ஸ்பிரிங்கின் விறைப்பு வேண்டுமென்றால், சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் எவ்வளவு நகர்கிறது என்ற விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விகிதம் 0.7 என்றால் 20 நியூட்டன் 41 ஆகிவிடும். வர்க்கத்தை மறப்பவர்கள் 29 என்று எழுதிவைப்பார்கள்.

தணிப்பை, அதாவது ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை எவ்வளவு விரைவாக அடக்குகிறது என்பதை அளக்க, காரை அழுத்திவிட்டு, எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணுவது வீண். இதைக் குறிக்கும் எண்ணான தணிப்பு விகிதம் 0.3 உள்ள காரில் ஒவ்வொரு உச்சமும் முந்தையதில் 14 சதவீதமே. மூன்றாவது உச்சம் கண்ணுக்கே தெரியாது. செல்போனில் அசைவை உணரும் சென்சாரான முடுக்கமானியில் பதிவு செய்யுங்கள். ஆனால் போனை இருக்கை மெத்தையில் வைக்காமல், அந்த அச்சுக்கு மேலே உடற்பகுதியில் இறுக்கமாக ஒட்டுங்கள். ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் நீளும்போது அதிகமாகவும் சுருங்கும்போது குறைவாகவும் தடுக்கும். எனவே ஒரே எண் இரண்டின் சராசரிதான்.

கார் நொடிக்கு எத்தனை முறை ஆட வேண்டும் என்று கணக்கிட்டும் சரிபார்க்கலாம்; அதற்கான நிறையில் சக்கரம், பிரேக் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். எடைமேடையில் அந்த அச்சை மட்டும் நிறுத்தி எடுத்த எடையிலிருந்து அவற்றைக் கழித்து, ஒரு சக்கரத்துக்குப் பாதியாக்குங்கள். சக்கரத்துக்கு 250 கிலோவும் மி.மீ.க்கு 20 நியூட்டனும் என்றால் நொடிக்குச் சுமார் 1.4 அலைவு வர வேண்டும். போன் அதைவிட மிக அதிகமாகக் காட்டினால், உராய்வில் சஸ்பென்ஷன் அசையாமல் கார் டயர்மீதே ஆடியிருக்கக்கூடும். இன்னும் ஆழமாக அழுத்தி மறுபடி பதிவு செய்யுங்கள்.