ஊராட்சி டேங்கரை எங்கள் தெருவுக்கு வரவைத்தது எப்படி?

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். கோடை வந்தால் ஊராட்சி டிராக்டர் டேங்கரை நம்பித்தான் பிழைப்பு. போன கோடையில் அது எங்கள் தெருப்பக்கம் தலைகாட்டவே இல்லை. தனியார் கட்டட வேலை ஒன்றுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநரைக் கேட்டால், "போகச் சொன்னாங்க, போறேன்ணா" என்றார். அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'ஏன் இந்த முறைகேடு?' என்று கேட்டால் பதில் வராது; ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். வண்டி எங்கே, எத்தனை நடை போனது என்று எழுதிவைக்கும் லாக் புக்கின் நகலைத் தேதிவாரியாகவும், டீசல் பில் நகலையும் கேட்டேன். 30 நாளுக்குள் தர வேண்டும், தரவில்லை. பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு போட்டதும் வந்துவிட்டது.

லாக் புக்கைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. மழை கொட்டிய நாளிலும் எங்கள் தெருவுக்கு மூன்று நடை தண்ணீராம்! மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. தெருப் பெண்கள் அந்த நகலின் ஓரத்திலேயே "வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். அதனால் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு அந்த லாக் புக் நகலையும் கொடுத்து ரசீது வாங்கினோம். அப்புறம் விசாரணைக்கு ஆள் வந்தார். டீசல் பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னதாகக் கேள்வி. டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. லாக் புக்கில் தெருக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகரும்.