உங்கள் சரக்கு எந்த உரிமையில் நீரிணையைத் தாண்டுகிறது? நூல் இழையை வைத்துக் கண்டுபிடியுங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிக் காகிதங்களை நான்தான் பார்க்கிறேன். 3.1 கிலோ டின், பெட்டிக்கு ஆறு. 2024 தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன எங்கள் கன்டெய்னர், ஏமனின் ஹூத்தி படை கப்பல்களைத் தாக்கியதால் செங்கடல் வழியே போக முடியாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பணம் வரத் தாமதமாயிற்று. காய் கொடுத்த போச்சம்பள்ளிப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, வழியில யாரு மறிக்கிறது? அது அவங்க கடலா?" அன்று அவருக்கு அட்லஸை விரித்துக் காட்டிய முறை இது.

நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் கரைக்குக் கரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதே நீளத்தைப் படத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் அட்சரேகைக் கோடுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு பாகைக்கு 60 கடல் மைல். மேல், கீழ் ஓரங்களில் வைத்தால் கணக்கு தப்பும். தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்கச் சுருங்கிவிடும்.

ஒவ்வொரு கரைநாட்டுக்கும் 12 கடல் மைல் வரை எல்லைக்கடல் உண்டு. பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையில் நூல் சுமார் 21 கடல் மைல் காட்டும். இந்தப் பக்கம் ஓமனுக்கு 12, அந்தப் பக்கம் ஈரானுக்கு 12. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நீர் மிஞ்சவில்லை. செங்கடலின் வாயிலில் உள்ள பாப் எல் மண்டெப் நீரிணை இதைவிடவும் குறுகியது. பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான்: கடல் அவர்களுடையதுதான், ஆனாலும் கடந்து போகும் உரிமை நம் கப்பலுக்கு உண்டு. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் மூன்றாம் பகுதி இதைச் சொல்கிறது. இரண்டு முனைகளிலும் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடலோ, பொருளாதார மண்டலமோ (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கரைநாட்டுக்கு மீன், எண்ணெய் போன்ற வள உரிமை உள்ள பகுதி) இருந்தால் கப்பல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். கரைநாடு அதைத் தடுக்கவோ, நிறுத்திவைக்கவோ முடியாது. கடந்ததற்காக மட்டும் காசு கேட்கவும் முடியாது. போக்குவரத்துத் தடம் வகுக்கலாம். ஈரான் இதில் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. ஹோர்முஸ் சர்ச்சை ஓயாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து விதிவிலக்குகளைப் பாருங்கள். துருக்கியின் போஸ்பரஸ் நீரிணைக்கு 1936ஆம் ஆண்டு மோன்ட்ரோ உடன்படிக்கை தனியாக இருக்கிறது. இத்தாலிக்கும் அதன் சிசிலித் தீவுக்கும் நடுவே உள்ள மெசினா போன்ற இடங்களில், தீவுக்கு வெளிப்புறம் வசதியான வழி இருப்பதால், தீங்கற்ற கடப்பு மட்டுமே, அதாவது கரைநாட்டின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் கேடு செய்யாமல் கடக்கும் உரிமை. நீர்மூழ்கி மேலே வந்து கொடி காட்டித்தான் போக வேண்டும். சூயஸ் வெட்டிய கால்வாய், நீரிணை அல்ல; அங்கே கட்டணம் உண்டு.

நூல் வேலை முடிந்ததும் இன்சூரன்ஸ் காகிதத்தை எடுங்கள். இந்த உரிமை நாடுகளைக் கட்டும், ஏவுகணையைத் தடுக்காது. சாதாரண சரக்குக் காப்பீட்டில் போர் அபாயம் சேராது, அதற்குத் தனி ஷரத்து வாங்க வேண்டும். கன்டெய்னருக்கு சீல் வைப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.