ஓட்டிசம் உள்ள பிள்ளையை எந்த ராட்டினத்தில் ஏற்றலாம்? படிப்படியாக ஒரு செய்முறை

திருவிழாக் காலத்திலும், யாழ்ப்பாண முற்றவெளியில் கண்காட்சி, கார்னிவல் என்று கூடாரம் போடும் நாட்களிலும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" சத்தமும் வெளிச்சமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் பதில் பெரும்பாலும் "வேண்டாம், வீண் கரைச்சல்" என்று முடிந்துவிடும். அப்படி முடிக்கத் தேவையில்லை. அதற்காக "சின்னப்பிள்ளைகள் ஏறுவதுதானே, ஒன்றும் செய்யாது" என்று ஏற்றிவிடவும் கூடாது. மெதுவாக ஓடும் குட்டி ரயிலில் ஒலிபெருக்கி பிள்ளையின் காதுமட்டத்தில் கட்டியிருக்கும். பெரிய ராட்டினம் அதைவிட அமைதியாகச் சுழலும். அளவையும் வேகத்தையும் பார்த்துத் தெரிவு செய்தால் பிழையாகிவிடும். எந்தப் புலனைத் தாக்குகிறது என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலில் கழித்துவிட வேண்டியவை

பிள்ளைக்கு வலிப்பு இருந்தால், அல்லது முன்பு ஒருமுறையாவது வந்திருந்தால், வைத்தியரைக் கேட்காமல் எதிலும் ஏற்றாதீர்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடையே வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். விட்டுவிட்டு மின்னும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

அடுத்தது பாதுகாப்புப் பட்டி. பிள்ளை தானே அதைக் கழற்றுமானால், அல்லது ஓடும்போது எழும்பி நிற்கும் பழக்கம் இருந்தால், பூட்டு இல்லாத எந்த இருக்கையும் வேண்டாம். தற்காலிகமாகப் பூட்டும் ராட்டினங்களில் மடிக்குக் குறுக்கே ஒரு கம்பியும் கொக்கியும் மட்டுமே இருப்பதுண்டு. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வீட்டில் செய்யும் பரீட்சை

ஒரு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே போதும். பிள்ளை மறுத்தால் அதுவே விடை, எழுதிவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

முன்னும் பின்னும் ஊஞ்சல், 2 நிமிடம். வருடப்பிறப்புக்கு மாமரத்தில் கட்டிய ஊஞ்சல் இன்னும் தொங்கினால் அதுவே போதும். பிறகு இன்னொரு நாள் பக்கவாட்டில். இன்னொரு நாள் கால் நிலத்தில் படாத உயரத்தில். கால் நிலத்தை விட்டதும் உடம்பை இறுக்கிக்கொள்ளும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைக்கு வேகம் பிரச்சினை அல்ல, நிலம் இல்லாததுதான் பிரச்சினை. ஆடும் கப்பல் ராட்டினம், பெரிய ராட்டினம் இரண்டும் அதற்குப் பொருந்தா.

சுழலும் கதிரையில் மெதுவாக 5 சுற்று, ஏறத்தாழ 15 செக்கனில். நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு இதைச் செய்யக்கூடாது.

மடிக்கம்பிக்குப் பழக்க, புத்தகம் நிறைந்த பள்ளிக்கூடப் பையை 3 நிமிடம் மடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பாரம் ஆறுதல். சிலர் அரை நிமிடத்திலேயே தள்ளிவிடுவார்கள்.

பிள்ளை இல்லாமல் ஒரு முறை போய்வருதல்

பிள்ளையைக் கூட்டிப் போவதற்கு முதல்நாள், பெரியவர் ஒருவர் மட்டும், கூட்டிப்போக நினைத்த அதே நேரத்தில் போக வேண்டும். அரை மணித்தியாலம் போதும். ஒவ்வொரு ராட்டினத்திலும் ஒரு முழுச் சுற்றை, ஏறுவது முதல் இறங்குவது வரை, சத்தத்தோடு போனில் படம்பிடியுங்கள். ஓடும் நேரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். வரிசையில் நின்ற நேரம், இருக்கையில் இருந்தபடி காத்திருந்த நேரம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஜெனரேற்றர் எங்கே நிற்கிறது, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகவே வரிசையில் 5 மீற்றரில் நிற்பதற்கும் 20 மீற்றரில் ஒருவரை வரிசையில் விட்டுவிட்டுப் பிள்ளையோடு தள்ளி நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மரணக்கிணறு போட்டிருந்தால் அது எந்த மூலையில் என்று கட்டாயம் பாருங்கள். மோட்டார் சைக்கிள் இரைச்சல் பலகைச் சுவரில் மோதி வெளியே வரும்; அதைக் கடந்து போக வேண்டிய வழியில் எந்த ராட்டினமும் வேண்டாம்.

இயக்குபவரிடம் மூன்று கேள்வி: "இடையில கையைக் காட்டினா நிப்பாட்டுவீங்களோ அண்ணை?", "கடைசிச் சுற்றில வேகம் கூட்டுவீங்களோ?", "நாங்கள் கடைசியா ஏறி முதல் இறங்கலாமோ?" மூன்றாவதுதான் பலருக்குக் கேட்கத் தோன்றாதது. ஆனால் பயன் அதில்தான் அதிகம்.

அட்டவணை

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ் பூங்கா 2018இல் ஓட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்ற முதல் கேளிக்கைப் பூங்கா ஆனது. அங்கே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஐந்து புலன்களிலும் 1 முதல் 10 வரை புள்ளி போட்ட பலகை உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் ஐம்புலன் மட்டும் போதாது. ராட்டினம் தாக்குவது முதலில் உட்காதில் இருக்கும் சமநிலைப் புலனை. நாக்குச் சுவையால் இங்கே பயனில்லை. ஆகவே நாங்கள் சொல்வது இந்த ஏழு: சத்தம், வெளிச்சம், தொடுகை, மணம், அசைவு, காத்திருப்பு, இறங்கும் வழி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; 3 என்றால் பிள்ளைக்கு மிகக் கடினம். ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டால் போதும். இதற்கென்று செயலி தேட வேண்டாம்.

புள்ளிகளைக் கூட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் பிழை இதுதான். பெரிய ராட்டினத்துக்குச் சத்தம் 1, வெளிச்சம் 2, தொடுகை 0, மணம் 0, அசைவு 1, காத்திருப்பு 2, இறங்கும் வழி 3 என்று போட்டால் மொத்தம் 9. காற்றடைத்த கோட்டைக்குச் சத்தம் 2, வெளிச்சம் 0, தொடுகை 3, மணம் 2, அசைவு 2, காத்திருப்பு 1, இறங்கும் வழி 0; மொத்தம் 10. கூட்டிப் பார்த்தால் ராட்டினம்தான் நல்லது என்று வரும். அடைபட்டால் பதறும் பிள்ளைக்கு அது தலைகீழ். உங்கள் பிள்ளைக்கு ஆகவே ஆகாத ஒன்று எது என்று முதலில் வட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தில் 3 விழுந்தால், மற்ற ஆறும் பூச்சியமாக இருந்தாலும் அந்த ராட்டினம் வேண்டாம்.

ஒவ்வொன்றாக

குதிரை ராட்டினத்தில் வெளிவட்டக் குதிரை வேகமாகப் போகும், உள்வட்டத்தது மெதுவாகப் போகும். ஏறி இறங்காத வாங்கு இருந்தால் அசைவு இன்னும் குறைவு. ஆனால் மோட்டாரும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் நடுத்தூணில்தான். அசைவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு உள்வட்டம், சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வெளிவட்டம். இரண்டும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஒன்றைப் பாருங்கள்.

கப்பலில் நடு வரிசை. நுனிகள்தான் மிக உயரம் போகும். வயிறு மேலே எழும்பும் உணர்வு அங்கேதான் அதிகம். இது நிறுத்தச் சொன்ன உடனே நிற்காது, ஆடி ஆடித்தான் ஓயும்.

பெரிய ராட்டினம் சுழலும்போது அமைதி. கரைச்சல் ஆட்களை ஏற்றும்போது. ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி ஏற்றுவார்கள். உச்சியில் காரணம் தெரியாமல் நிற்கும், பெட்டி தனியே ஆடும். 3 நிமிடச் சுற்று 10 நிமிட இருப்பாக மாறுவது இப்படித்தான். "கடைசியாக ஏறி முதல் இறங்க" ஒத்துக்கொண்டால் மட்டும் யோசியுங்கள்.

காற்றடைத்த கோட்டையில் பிள்ளை தானாக வெளியே வரலாம். அது பெரிய நன்மை. ஆனால் ஊதுமோட்டர் ஓயாது இரையும். வெயிலில் பிளாஸ்டிக் சூடாகும், மணக்கும். மற்றப் பிள்ளைகள் மேலே வந்து விழுவார்கள். திறந்த உடனே, இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது விடுங்கள்.

மோதும் கார் வேண்டாம். எப்போது எந்தப் பக்கம் இடி வரும் என்று தெரியாத ஒன்று, அடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் அமைதியாக இருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது.

ராட்டினம் நின்ற பிறகுதான் பாருங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். உட்காதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை சுழலத் தொடங்கியதும் குழாய் நகரும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை சுழற்சி என்று அறிகிறது. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் சுழன்றால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும், சுழலும் உணர்வு குறைந்துவிடும். ராட்டினம் நின்றதும் திரவம் நிற்காது. அப்போதுதான் எதிர்ப்பக்கம் சுழல்வதுபோலத் தாக்கும்.

அதனால் நடப்பது என்ன? ஓடும்போது பிள்ளை சிரிக்கும். நின்றதும் அழும், கம்பியை விடாது. பார்க்கும் பெரியவர்கள் "இன்னும் வேணுமாம்" என்று இன்னொரு ரிக்கற் எடுப்பார்கள். அழுகைக்குக் காரணம் முடிந்துவிட்டதே என்ற ஏக்கமாகவும் இருக்கலாம், நின்றதால் வந்த தலைச்சுற்றாகவும் இருக்கலாம். கதைக்காத பிள்ளையிடம் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். பிரித்தறிய உடம்பைப் பாருங்கள்: உதடு வெளிறுதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அடிக்கடி கொட்டாவி, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருத்தல், திடீரென்ற மௌனம். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குச் சுழலும் ராட்டினம் முடிந்தது.

எதுவும் தெரியாவிட்டாலும் 10 நிமிடம் நிலத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்குப் பாரமான வேலை கொடுங்கள்: ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி நடத்தல், சுவரை இரு கையாலும் தள்ளுதல், குழாயால் உறிஞ்சிக் குடித்தல். பிறகு ராட்டினப் படத்தையும் வீட்டுப் படத்தையும் காட்டி "திரும்பவோ, வீட்டையோ?" என்று கேளுங்கள். 10 நிமிடத்துக்குப் பின் கிடைக்கும் விடைதான் விடை.

எவ்வளவு சுழன்றாலும் தலை சுற்றாத பிள்ளையும் உண்டு. அங்கே ஆபத்து வேறு: ஐந்தாறு முறை சுழன்றுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நித்திரை வராமல், ஓடிக்கொண்டே, கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு முறை என்று முன்பே படத்தில் காட்டிவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

போகும் நாள்

யாழ்ப்பாணத்தில் ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் பொழுதுபடும். கார்னிவல் திறக்கும் நேரத்துக்கும் விளக்குகள் எரியும் நேரத்துக்கும் இடையில் உள்ளதுதான் உங்கள் நேரம். கூட்டமும் குறைவு, மின்னும் விளக்கும் இல்லை.

முதல்நாள் எடுத்த படங்களில் ஆறை அச்சடித்து வரிசையாக ஒட்டுங்கள்: வாசல், வரிசை, இருக்கை, ஓட்டம், இறங்குதல், ஐஸ்கிறீம். "இறங்குதல்" படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிவு எப்படி இருக்கும் என்று காட்டாமல் தொடக்கத்தை மட்டும் காட்டிப் பயனில்லை.

காதுக்கு: தொழிற்சாலைகளில் போடும் கிண்ணம் போன்ற காதுமூடி, பிள்ளையின் அளவில். பாட்டுக் கேட்கும் ஹெட்போனைவிட இதையே நாங்கள் விரும்புகிறோம். இரைச்சலை ரத்துச்செய்யும் மின்னணு ஹெட்போன் ஜெனரேற்றரின் தொடர் இரைச்சலை நன்றாகக் குறைக்கும். விசில், ஹோர்ன், வெடி போன்ற திடீர்ச் சத்தத்துக்கு அது அவ்வளவு உதவாது. காதுக்குப் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. வேகமான ராட்டினத்தில் காதுமூடியைக் கழற்றிவிடுங்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. காதுமூடி இல்லாமல் ஏற முடியாத பிள்ளைக்கு அந்த ராட்டினமே வேண்டாம்.

சட்டையின் உட்பக்கம் உங்கள் போன் நம்பர். புறப்படும்போது அன்றைய உடுப்போடு ஒரு படம். பெரியவர் இருவர் கட்டாயம், தம்பி தங்கை கூட வந்தால் மூவர். ஒருவர் திடீரென்று வீடு திரும்ப வேண்டி வந்தால் மற்றப் பிள்ளையின் பொழுது குழம்பக் கூடாது.

பின்சேர்க்கைகள்

காதுமூடியைப் பிடுங்கி எறியும் பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். வீட்டில் தேங்காய்ச் சம்பலுக்கு கிறைண்டர் ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் போட்டுப் பழக்குங்கள், நின்றதும் கழற்றுங்கள். அது எதற்கென்று பிள்ளைக்கே விளங்கிவிடும். அமைதியான வீட்டில் நாள் முழுக்கப் போட்டுவைக்க வேண்டாம். பிறகு சாதாரணச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

நல்லூர்க் கோயில் வீதியில் மணல், செருப்புப் போட முடியாது. வெறுங்காலில் மணல் பட்டால் நிற்காத பிள்ளைக்கு ராட்டினத்துக்குப் போகும் முன்பே பொறுமை தீர்ந்துவிடும். கசூரினாக் கடற்கரையில் ஈரமணலில் தொடங்கி, பிறகு உலர்ந்த மணலுக்கு வாருங்கள். அதுவரை கோயிலடியை விட்டு வேறிடத்து ராட்டினத்தைத் தெரிவு செய்யுங்கள்.

"அழுதாலும் ஏத்திவிடு, பழகிப்போடும்" என்று அம்மம்மா, அப்பம்மா சொன்னால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். அழ அழ ஏற்றப்பட்ட பிள்ளை, அடுத்தமுறை கார்னிவல் விளக்கைத் தூரத்தில் கண்டாலே ஓட்டோவில் ஏற மறுக்கும். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: பத்து நிமிட ஓய்வில் தண்ணீர்ப் போத்தலோடு பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பது அவர்கள் பொறுப்பு.

எதுவுமே ஒத்துவராவிட்டால் சுப்பிரமணியம் பூங்காவிலோ பழைய பூங்காவிலோ கூட்டம் இல்லாத நேரத்தில் சாதாரண ஊஞ்சலில் தொடங்குங்கள். முன்னும் பின்னும், ஒரே தாளத்தில், மெதுவாக ஆட்டும் அசைவு பெரும்பாலான பிள்ளைகளை அமைதிப்படுத்தும். அங்கே இரண்டு கிழமை சரிவந்தால், அட்டவணையில் அசைவு 1 உள்ள ஒன்றை எடுத்துப் பாருங்கள்.